உறுமலை அடக்கிய பிறகு நடந்த கடி: இரண்டு சிறு பிள்ளைகள், ஒரு நாய்க்குட்டி

புதிதாக நாய்க்குட்டி வந்த வீடுகளுக்குப் போய், குட்டியும் பிள்ளைகளும் சேர்ந்து வாழ வழி சொல்வது என் வேலை. இந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயரோ ஊரோ இதில் இல்லை. காயம் சிறியதாகவே முடிந்தது. ஆனால் அது நடந்த விதம் சிறு பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது என்பதால் முழுவதையும் வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

வீட்டில் ஐந்து பேர். கணவன், மனைவி, கணவரின் அம்மா, 6 வயது மகள், 3 வயது மகன். பிள்ளைகளை இங்கே மூத்தவள், சின்னவன் என்றே குறிப்பிடுகிறேன். நாய் வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது மூத்தவள்தான். பள்ளி விடுமுறையில் எல்லோரும் வீட்டில் இருப்போம், குட்டிக்குத் தனிமை தெரியாது என்று கணக்குப் போட்டு, விடுமுறையின் முதல் வாரத்தில் அழைத்து வந்தார்கள்.

குட்டி கலப்பினம், பெண். வந்தபோது 8 வாரம். அதுவரை தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்திருக்கிறது. அது நல்ல விஷயம். குட்டிகள் ஒன்றையொன்று கவ்வி விளையாடும்போது பல் அதிகம் அழுந்தினால் கடிபட்டது வீறிட்டுவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்ற பாடம் அங்கேதான் தொடங்குகிறது. முதல் தடுப்பூசி போட்டிருந்தது. குடற்புழு மருந்து கொடுத்திருப்பார்கள் என்று குடும்பம் நினைத்துக்கொண்டது, கேட்கவில்லை. தாய் நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்ததா என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

பெற்றோர் இருவரும் படித்துத் தெரிந்துகொண்டுதான் இறங்கினார்கள். ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரைதான் ஒரு குட்டி உலகத்தோடு பழகிக்கொள்ளும் முக்கியமான பருவம் என்பதை அறிந்திருந்தார்கள். ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் இருவரும் அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு 1965-இல் வெளியானதிலிருந்து இது பரவலாக ஏற்கப்பட்ட விஷயம். அதனால் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் குட்டியைக் கொடுத்தார்கள். பழக்குவது என்பது குட்டி தன் விருப்பப்படி கிட்டே போகவும் போதும் என்றால் விலகவும் இடம் கொடுப்பது. கைமாறிக் கைமாறித் தூக்கப்படுகிற குட்டிக்கு அந்த இரண்டாவது பாதி கிடைப்பதில்லை.

முதல் மூன்று வாரங்கள்

எல்லாக் குட்டிகளையும் போல இதுவும் கவ்வியது. பால்பற்கள் 28, ஒவ்வொன்றும் ஊசி முனை. கணுக்கால், கால்சட்டை விளிம்பு, தொங்கும் துணி எதையும் விடவில்லை. வந்த சில நாட்களிலேயே மூத்தவளின் கவுன் ஓரத்தைப் பிடித்துத் தொங்கிக் கிழித்துவிட்டது. அவள் அழுதாள். “பயப்படாதே, விளையாடத்தான் வருது” என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார்கள். சின்னவன் இதற்கு நேர்மாறு. கத்திக்கொண்டு ஓடுவான், குட்டி துரத்தும், விழுவான், மேலே ஏறும், இன்னும் கத்துவான். அந்த வீட்டில் எடுத்த காணொளிகளில் பாதிக்கு மேல் இந்தக் காட்சிதான்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் கம்பளத்தில் படுத்திருந்த குட்டியின் காதை சின்னவன் பிடித்து இழுத்தான். குட்டி உறுமியது. அப்பா ஓடி வந்து அதன் வாயைக் கையால் அமுக்கிப் பிடித்து, “கூடாது” என்று அதட்டினார். அடுத்த நாட்களில் மறுபடி உறுமியபோதும் அதே அதட்டல். மூக்கில் ஒரு தட்டும் விழுந்தது. அப்புறம் உறுமல் நின்றுவிட்டது. குட்டி திருந்திவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடம் இதுதான். உறுமுகிற நாய் “எனக்கு இது பிடிக்கவில்லை, தள்ளிப் போ” என்று சொல்கிறது. கடிக்காமல் காரியத்தை முடித்துக்கொள்ள அதனிடம் இருக்கும் வழி அது. அதட்டினால் சத்தம் நிற்கும், பிடிக்காமை அப்படியே இருக்கும். சொல்லிவிட்டுக் கடிக்கக்கூடிய நாய் சொல்லாமல் கடிக்கும் நாயாகிவிடும்.

கடி

குட்டிக்கு 11 வாரம். அன்று மதியத்திலிருந்து வீட்டில் விருந்தினர். அவர்கள் கிளம்பும்வரை குட்டி கண் அயரவில்லை. மாலையில் சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்துக்குள் புகுந்து தூங்கிவிட்டது. அம்மா சமையலறையில். அங்கிருந்து பார்த்தால் கூடம் தெரியும். அப்பா கூடத்திலேயே போனில் பேசிக்கொண்டிருந்தார். பாட்டி துணி மடித்துக்கொண்டிருந்தார். மூன்று பெரியவர்களும் பத்தடிக்குள்தான்.

சின்னவன் தவழ்ந்து சந்துக்குள் போய், குட்டியின் மேல் படுத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் வைத்தான். உறுமல் வரவில்லை. ஒரே கவ்வு. கன்னத்து எலும்புக்குக் கீழே இரண்டு புள்ளிகள், ஒன்றில் ரத்தம். குட்டி பாய்ந்து கட்டிலுக்கு அடியில் ஓடி ஒடுங்கிச் சிறுநீர் விட்டது.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கடி பெரும்பாலும் முகம், தலை, கழுத்துப் பகுதியிலேயே விழுகிறது. அவர்களின் உயரம் ஒரு காரணம், குனிந்து முகத்தைக் கொண்டுபோவது இன்னொரு காரணம். சிறு பிள்ளைகளைக் கடிப்பது எப்போதும் தெருவில் பார்த்த நாய்தான் என்றில்லை, அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நாயும் கடிக்கும்.

உடனே செய்தவை

பாட்டி கைவைத்தியமாக ஏதோ பூச எடுத்து வந்தார். அம்மா தடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் காயத்தைக் கழுவினார். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15 நிமிடம். அழுகிற 3 வயதுப் பிள்ளையின் கன்னத்தை அவ்வளவு நேரம் கழுவுவது எளிதில்லை. குளியலறைத் தரையில் தானும் உட்கார்ந்து, அவனை மடியில் சாய்த்து, கண்ணில் படாமல் கையை அணை கட்டி, நிறுத்தி நிறுத்திக் கழுவினார். அதன் பிறகு கிருமிநாசினி போட்டு நேராக மருத்துவரிடம்.

“பால் மணம் மாறாத குட்டி, அதுக்கு எங்கேருந்து வெறிநோய் வரும்?” என்று வீட்டில் ஒருவர் கேட்டிருக்கிறார். குட்டிக்கும் வரும். தடுப்பூசி போடப்படாத தாயிடம் பிறந்து, தனக்கும் இன்னும் ஊசி போடும் வயது வராத குட்டியை அப்படி ஒதுக்கித்தள்ள முடியாது. நாய்களுக்கு ரேபிஸ் ஊசி பொதுவாக 12 வாரத்தில்தான் தொடங்கும். ரேபிஸ் உள்ள பகுதியில் தோலைத் துளைத்த எந்தக் கடியும் மூன்றாம் வகை, அதாவது மிகக் கடுமையான வகை. அதற்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற உடனடி எதிர்ப்பு மருந்தும் வேண்டும். மருத்துவர் இரண்டையும் அன்றே தொடங்கினார், டெட்டனஸ் ஊசி விவரத்தையும் பார்த்தார், காயத்தைத் தையல் போட்டு மூடவில்லை. குட்டியை 10 நாள் கண்காணிக்கச் சொன்னார். கடித்த வேளையில் அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருந்தால் அந்த 10 நாளுக்குள் நோய் அதனிடம் வெளிப்பட்டிருக்கும். கண்காணிப்பு முடியட்டும், பிறகு ஊசி போடலாம் என்று காத்திருப்பது மட்டும் கூடாது. ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு மருத்துவத்தால் காப்பாற்ற முடிவது அரிதினும் அரிது.

மறுநாள் அம்மா என்னை அழைத்தார். “இதைத் திருப்பிக் கொடுத்துடலாமா? எனக்கு வேற ஒண்ணும் தோணல. நீங்களே சொல்லுங்க” என்றார். நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். அதுவரை குட்டியும் பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்க வேண்டாம், அதட்டவோ தட்டவோ வேண்டாம், குட்டி தூங்குகிற நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள், கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வலி இருக்கிற குட்டி தொட்டாலே கடிக்கும். அப்படி வலி ஏதும் இல்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

வீட்டில் கவனித்தவை

கால்நடை மருத்துவர் காது, வாய், வயிறு, மூட்டு எல்லாம் பார்த்துவிட்டு வலி இல்லை என்றார். மலத்தில் உருண்டைப்புழு முட்டை இருந்தது. இது கடிக்குக் காரணம் இல்லை, ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டில் அலட்சியப்படுத்த முடியாத விஷயம். இந்தப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும். மண்ணில் விழுந்த முட்டை பிள்ளையின் வாய்க்குள் போனால் புழுக்குஞ்சு உடலுக்குள் அலைந்து கண்ணைக்கூடப் பாதிக்கலாம். சின்னவன் மண்ணை வாயில் வைக்கிற பிள்ளை. முட்டை தொற்றும் நிலைக்கு முதிர நாட்கள் ஆகும் என்பதால், கழிவை அன்றன்றே அள்ளிவிடுவதும் கை கழுவுவதும் பெரிய அளவுக்குக் காக்கும். குடற்புழு மருந்து உடனே தொடங்கியது.

தூக்கக் கணக்கு எழுதிய தாளைப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவாயிற்று. இந்த வயதுக் குட்டி நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். இது 11, 12 மணி நேரமே தூங்கியிருந்தது, அதுவும் துண்டு துண்டாக. கவ்வல் எப்போது அதிகம் என்று அதே தாளில் குறிக்கச் சொல்லியிருந்தேன். எல்லாம் மாலை ஐந்திலிருந்து எட்டுக்குள். தூக்கம் கெட்ட கைக்குழந்தை அந்தி நேரத்தில் சிணுங்கிச் சிணுங்கி அழுமே, அதுதான் இது. குட்டிக்கு அழத் தெரியாது, பல் இருக்கிறது.

நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, அப்பா கையில் வாரோடு குட்டியைப் பிடித்திருக்க, வழக்கம்போல இருக்கச் சொன்னேன். சின்னவன் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு குட்டியை நோக்கி வந்தான். அவன் நாலு எட்டுத் தொலைவில் இருக்கும்போதே குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்புறம் நாக்கால் மூக்கை நக்கியது. தூக்கம் வராமலே கொட்டாவி விட்டது. அவன் இன்னும் கிட்டே வர, முன்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்து, மேஜைக்கு அடியில் நகர்ந்தது. அவனும் குனிந்து மேஜைக்கு அடியில் போகப் பார்த்தான். “பாருங்க, எவ்வளவு ஆசையா இருக்கான் அதுமேல” என்றார் அம்மா. அவனைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னேன். அந்த அரை நிமிடத்துக்குள் குட்டி வேண்டாம் என்று ஆறு முறை சொல்லிவிட்டது. மூவரில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. நாய் பல்லைக் காட்டினால் அது சிரிக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் பருவம் சின்னவனுடையது. சிறு பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகளிலும் இதே குழப்பம் பதிவாகியிருக்கிறது. அவனால் படிக்க முடியாததைப் பெரியவர்கள்தான் அவனுக்காகப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். மூத்தவள் தண்ணீர் குடிக்கப் போனாள். சோபாவிலிருந்து அதன் கைப்பிடி, அங்கிருந்து நாற்காலி, அடுத்த நாற்காலி, அப்புறம் சமையலறை வாசலுக்கு ஒரே தாவு. திரும்பி வந்ததும் அதே வழி. கால் கூடத்துத் தரையில் படவே இல்லை. விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கவுன் கிழிந்த நாளிலிருந்தே அப்படித்தான் போய்வருகிறாள் என்று பாட்டி யோசித்துச் சொன்னார். நாய் வேண்டும் என்று கேட்டவள் இவள். அதனாலேயே பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறாள். சின்னவனின் ஆரவாரத்தில் இவளது மௌனம் யார் காதிலும் விழவில்லை. கடிபட்ட பிள்ளையின் பிரச்சினையைத் தீர்க்கத்தான் என்னை அழைத்தார்கள். பயந்துபோன பிள்ளையின் பிரச்சினை அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று அவர்களிடம் அப்போதே சொன்னேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, குட்டி இந்த வீட்டில் இருக்கலாமா என்பது. தூங்கும்போது மேலே விழுந்ததால் ஒரே முறை கவ்வி, உடனே விட்டு ஓடிய குட்டி. பல் ஆழமாக இறங்கவில்லை. சாப்பாட்டுக்கோ பொருளுக்கோ யாரிடமும் விறைத்து நின்றதில்லை. பயந்தாலும் சீக்கிரம் தெளிந்து வால் ஆட்டியபடி பெரியவர்களிடம் வந்தது. இதெல்லாம் நம்பிக்கை தருபவை. ஆனால் குட்டியின் குணத்தை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய நான் ஒப்புக்கொள்வதில்லை. பெரியவர்களிடம் நேரமும் பொறுமையும் இருக்கிறதா என்பது அதே அளவு முக்கியம். திருப்பிக் கொடுப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, சின்னப் பிள்ளைகள் இல்லாத வீட்டில் இந்தக் குட்டி நன்றாகவே வளரும் என்றும் சொன்னேன். இரவெல்லாம் பேசி, வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். வீட்டில் தடுப்புக் கதவுகள் போட்ட பிறகும் ஒருமுறை தோல் கிழியக் கடித்தாலோ, மூத்தவளின் பயம் குறையாமல் போனாலோ வேறு வீடு பார்ப்பது என்ற நிபந்தனையோடு.

அடுத்தது இடம். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையில் ஒரு தடுப்புக் கதவு, படுக்கையறை வாசலில் இன்னொன்று. கூடத்தின் மூலையில் கம்பித் தடுப்பு போட்ட குட்டியின் இடம். அதற்குள் படுக்கை, தண்ணீர், மெல்லும் பொம்மை. பிள்ளைகள் அதற்குள் கை நீட்டக்கூடக் கூடாது. குட்டியைத் தண்டிக்க ஒருபோதும் அதில் அடைக்கக் கூடாது. பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் குட்டி தடுப்புக்கு அந்தப் பக்கம். கையிலிருந்து பிடுங்கப் பழகுவது ஒரு காரணம். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த மிட்டாய் எல்லாம் நாய்க்கு நஞ்சு என்பது இன்னொரு காரணம். 3 வயதுப் பிள்ளையின் தட்டிலிருந்து எது கீழே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தூக்கத்துக்கு நேரம் ஒதுக்கினோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் விழித்திருந்தால் இரண்டு மணி நேரம் தன் இடத்தில் ஓய்வு. மாலை ஐந்து மணிக்கு முன்னால் ஒரு தூக்கம் கட்டாயம். இவ்வளவையும் செய்ய முடியாது, ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பார்த்துக்கொள்வது யார் என்பதில்தான் வாக்குவாதம். “ரெண்டு பிள்ளைங்களையும் தூக்கி வளர்த்தவ நான். ஒரு குட்டியப் பாத்துக்கத் தெரியாதா?” என்றார் பாட்டி. “தெரியும்மா. ஆனா அன்னிக்கு நீங்க பாத்துக்கறீங்கன்னு அவங்க நெனச்சாங்க, அவங்க பாத்துக்கறாங்கன்னு நீங்க நெனச்சீங்க” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இதற்காக ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். குட்டிக்கான தீனியை வைக்கும் இடுப்புப் பை ஒன்று. அது யார் இடுப்பில் இருக்கிறதோ குட்டிக்கு அவர் பொறுப்பு. அவர் போன் எடுக்கக் கூடாது, சமைக்கக் கூடாது. எழுந்து போக வேண்டுமானால் இன்னொருவரிடம் பையைக் கொடுத்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்க ஆள் இல்லையென்றால் குட்டி தன் இடத்துக்குப் போக வேண்டும்.

உறுமினால் அதட்டக் கூடாது. பிள்ளையை அமைதியாக விலக்கிவிட்டு, எதற்கு உறுமியது என்று யோசிக்க வேண்டும். கவ்வினால் பொம்மையை வாய்க்குக் கொடுக்க வேண்டும். அப்படியும் விடாவிட்டால், பெரியவர் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டுச் சிறிது நேரம் கழித்து வர வேண்டும். அப்பாவுக்கு முதலில் இது ஒப்பவில்லை. கண்டிக்காமல் எப்படி வளர்ப்பது என்பது நியாயமான கேள்விதான். மூக்கில் தட்டுகிற கை முகத்துக்கு நேரே வரும்போதெல்லாம் குட்டிக்குப் பயம் வரும், அடுத்து அதே இடத்துக்கு வருவது சின்னவனின் கை என்று விளக்கினேன். ஒத்துக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு நிறைய விதிகள் கொடுக்கவில்லை. சின்னவனுக்கு இரண்டு: படுத்திருந்தால் தொடக் கூடாது; கூப்பிட்டால் வரும், வராவிட்டால் விட்டுவிட வேண்டும். தொடுவது அம்மாவோ அப்பாவோ அருகில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். முதுகில் மூன்று தடவு தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். குட்டி திரும்ப ஒட்டி வந்தால் இன்னும் மூன்று, விலகினால் முடிந்தது. இந்த விதிகளை அவன் மறப்பான் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட்டோம். 3 வயதுப் பிள்ளையின் ஞாபகத்தை நம்பிப் பாதுகாப்பை வைக்கக் கூடாது. குட்டி துரத்தினால் ஓடாமல் கைகளைக் கட்டிக்கொண்டு, கீழே பார்த்தபடி மரம் மாதிரி நிற்க இருவருக்கும் கற்றுக்கொடுத்தோம். ஓட்டமும் கீச்சுக் குரலும் துரத்தலைத் தூண்டும், அசையாமல் நிற்பவரிடம் குட்டிக்குச் சுவாரசியம் போய்விடும்.

மூத்தவளை யாரும் “தொட்டுப் பார், ஒண்ணும் செய்யாது” என்று சொல்லக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன். அவளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். குட்டி தூங்கினால் நிலா, விழித்தால் சூரியன் என்று அந்தத் தாளில் வரைவது. இதற்குக் குட்டியைப் பார்க்க வேண்டும், தொட வேண்டியதில்லை.

தொடர்ந்து நடந்தவை

முதல் சில நாட்கள் கஷ்டம். தன் இடத்தில் விட்டதும் குட்டி ஊளையிட்டது. சின்னவன் தடுப்பை உலுக்கி அழுதான். பாட்டி மனம் பொறுக்காமல் திறந்துவிட்டார். அதன் பிறகு, யாராவது ஒருவர் தடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கவைத்துவிட்டு எழுவது என்று மாற்றினோம். அந்த வாரக் கடைசிக்குள் குட்டி தானாகவே உள்ளே போய்ப் படுக்க ஆரம்பித்தது. தூக்கம் 17 மணி நேரத்தைத் தொட்டதும் மாலை நேரக் கவ்வல் கண்கூடாகக் குறைந்தது. வேறு எந்தப் பயிற்சியும் அதற்குள் தொடங்கியிருக்கவில்லை.

கண்காணிப்பின் 10 நாளும் குட்டி நலமாகவே இருந்தது. சின்னவனின் ஊசிகள் பற்றிய மீதி முடிவை மருத்துவரிடமே விட்டார்கள். 12 வாரத்தில் குட்டிக்கு ரேபிஸ் ஊசி போட்டாயிற்று. மற்ற தடுப்பூசிகள் 16 வாரம் வரை தொடர்ந்தன.

பை ஏற்பாடு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. “அத்தை, பை உங்ககிட்ட, நான் குளிக்கப் போறேன்” என்று மருமகள் சொல்வதும், “இரு, கையைக் கழுவிட்டு வரேன், அதுவரைக்கும் நீயே வெச்சுக்கோ” என்று மாமியார் சொல்வதும் அந்த வீட்டில் சாதாரணமாகிவிட்டது. பையோடு போனில் பேசிய மகனைக் கண்டித்ததும் பாட்டிதான்.

சின்னவனைத் தடுப்புக்கு வெளியே நிற்கவைத்து, அவன் வரும்போதெல்லாம் அவன் கையாலேயே தீனித் துண்டுகளை உள்ளே போடச் சொன்னோம். அவன் வந்தால் மேலே விழுவான் என்று எதிர்பார்த்த குட்டி, அவன் வந்தால் தின்ன ஏதாவது வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்கியது. முகத்தைத் திருப்பாமல், உடம்பு தளர்ந்து, வாலை அகலமாக ஆட்டிக்கொண்டு தடுப்புக்கு வந்த பிறகே பக்கத்தில் உட்காரவைத்தோம்.

ஒரு பின்னடைவும் நேர்ந்தது. குட்டிக்கு 14 வாரம் இருக்கும்போது உறவுக்காரப் பிள்ளைகள் வந்தார்கள். யாரோ தடுப்புக் கதவைச் சாத்தாமல் போக, ஓடிய பிள்ளைகளைத் துரத்திய குட்டி கடைசியில் மூத்தவளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. அவள் ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றிருக்கிறாள். குட்டி துணியை விட்டுவிட்டுப் போயிற்று. காயம் இல்லை. ஆனால் அன்றிரவு அவள் மறுபடி சோபா வழியாகத்தான் போனாள். எப்படி நின்றாள் என்று எல்லோரும் பாராட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள், குட்டியிடம் போகச் சொல்லவில்லை. அதன் பிறகு விருந்தினர் வரும் நாட்களில் குட்டி படுக்கையறையில், கதவு தாழிட்டபடி. வந்தவர்கள் போன பிறகே வெளியே.

நான்கு மாதத்தில் பால்பல் விழத் தொடங்கியதும் கவ்வல் மீண்டும் கூடியது. இது எதிர்பார்த்ததுதான். ஈரத்துணியை முறுக்கிக் குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்து மெல்லக் கொடுத்தார்கள். பல் முளைப்பு ஓய்ந்ததும் அதுவும் ஓய்ந்தது.

இப்போதைய நிலை

குட்டிக்கு 7 மாதம் ஆனபோது கடைசியாகப் பார்த்தேன். தோல் கிழியும் கடி அதன் பிறகு நடக்கவில்லை. ஒருமுறை, எலும்பு பொம்மையை மெல்லும்போது சின்னவன் நெருங்கியதற்கு உறுமியிருக்கிறது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு நகர்ந்திருக்கிறார். அப்புறம் தனியாக, பொம்மையை வாங்கும்போது அதைவிட ருசியான ஒன்றைக் கொடுத்துத் திருப்பித் தரப் பழக்கியிருக்கிறார். உறுமல் திரும்ப வந்ததை அவர் நல்ல செய்தியாகச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மூத்தவள் தரையில் நடக்கிறாள். குட்டிக்கு “உட்கார்” சொல்லிப் பழக்கியது அவள்தான், அதுவும் தடுப்புக்கு அப்பால் நின்றே. அம்மா வாரின் ஒரு பிடியையும் அவள் இன்னொரு பிடியையும் பிடித்துக்கொண்டு நடக்கக் கூட்டிப் போகிறார்கள். குட்டி மேலே தாவுவது அவளுக்கு இன்னும் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்றும் யாரும் கேட்பதில்லை. சின்னவன் கன்னத்தில் ஒரு புள்ளி மங்கலாகத் தெரிகிறது.

எதை மாற்ற வேண்டும்

குட்டி வருவதற்கு முன்பே தடுப்புகளும் குட்டியின் இடமும் தயாராக இருக்க வேண்டும். கடி விழுந்த பிறகு போட்ட எல்லாவற்றையும் முதல் நாளிலேயே போட்டிருக்கலாம், செலவும் அதேதான். குட்டியை வாங்குமுன் தாயின் தடுப்பூசி, குட்டிக்குக் குடற்புழு மருந்து கொடுத்த தேதி இரண்டையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். குட்டி தருபவர்களும் கவ்வல், தூக்கம், உறுமல் இந்த மூன்றையும் பற்றி வீட்டாரிடம் பேசி அனுப்பினால் எவ்வளவோ தவிர்க்கலாம்.

விடுமுறையில் குட்டியைக் கொண்டுவருவதை நான் இப்போது ஊக்குவிப்பதில்லை. எல்லோரும் வீட்டில் இருக்கும் நாட்களில் குட்டிக்குத் தூக்கம் கிடைக்காது, பள்ளி திறந்ததும் திடீரென்று தனிமை வரும். பிள்ளைகள் பாதி நாள் வெளியே இருக்கும் சாதாரண வாரமே நல்லது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டில், குட்டிக்கென்று ஒரு பெரியவர் நாளின் பெரும்பகுதியைக் கொடுக்க முடியாதென்றால் சில ஆண்டு பொறுப்பது நல்லது என்பதும் என் கருத்து.

இனி முதல் ஆலோசனையிலேயே வீட்டில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் பற்றித் தனித்தனியாகக் கேட்கும் கேள்விகளை முன்கூட்டியே அனுப்புகிறேன். குட்டியோடு விளையாடாத பிள்ளை எங்கே உட்காருகிறது, எந்த வழியாக நடக்கிறது என்பதும் அதில் உண்டு.

இந்த வீட்டில் தடுப்புகள் இன்னும் இருக்கின்றன. குட்டி இப்போது வளர்பருவத்துக்குள் போகிறது. கற்றுக்கொண்டதைக்கூட அவ்வப்போது கேட்காது, பலமும் கூடும். ஒன்றரை வயது ஆகும்வரை இடையிடையே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். சின்னவனையும் நாயையும் தனியே விடுவது பற்றி அவனுக்குப் பள்ளி வயது தாண்டும்வரை பேச்சே வேண்டாம் என்று பெற்றோர் முடிவு செய்திருக்கிறார்கள்.